‘ஐ கோ ஃபர்ஸ்ட்’ என்றால் என்ன பதில்

உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடு என் மேசைமேல் இருக்கிறது. திறந்தால் இன்னும் தைல வாசனை அடிக்கிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னத் தைலப் புட்டியையும் சேர்த்துச் செருகி வைப்பீர்கள். கூடு சரியாக மூடாது. கடைசியில் கண்ணாடி, கைக்குட்டை, நீங்கள் தொட்ட செய்தித்தாள் எல்லாமே தலைவலிக்காரன் நெற்றிபோல மணக்கும். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் மாலதி இதைக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு கேள்வியையும் கொடுத்துவிட்டுப் போனாள். வரும் ஞாயிறு பதிலுக்காக வருவாள். அதற்குள் என் மனத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த வழி எழுதுவது ஒன்றுதான். யாருக்கு எழுதுவது என்று யோசித்தபோது உங்களைத் தவிர வேறு ஆள் தோன்றவில்லை.

வழக்கம்போல, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. மாலதி கேட்ட கேள்வி.
2. ‘ஐ கோ ஃபர்ஸ்ட்’ என்று சொல்லி விடைபெறுவது இயல்பான ஆங்கிலம் அல்ல; ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.
3. அன்று மருத்துவமனையில் நீங்கள் அதை எந்தப் பொருளில் சொன்னீர்கள்.
4. மாலதிக்கு நான் சொல்ல வேண்டிய பதில்.

நீங்கள் இருந்தால் இந்த இடத்திலேயே என்னை நிறுத்தியிருப்பீர்கள். கப்பல் நிறுவனத்தில் நாம் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்திருந்த காலத்தில், நான் எழுதும் ஒவ்வொரு கடிதமும் இப்படித்தான் தொடங்கும். நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, “இது லெட்டரா, சாப்பாட்டுக்கடை மெனுவா?” என்பீர்கள். எனக்குத் தொலைபேசியில் பேசப் பயம். உங்களுக்கு உட்கார்ந்து எழுதச் சோம்பல். ஆகவே வெளியூருக்குப் போகும் கடிதங்களெல்லாம் என் பொறுப்பு, தொலைபேசி மணி அடித்தால் உங்கள் பொறுப்பு என்று நமக்குள் ஒரு ஏற்பாடு. என் ஆங்கிலத்தில் பிழை இருக்காது. உங்கள் ஆங்கிலத்தில் வேலை நடக்கும். நீங்கள் என்னைவிட மூத்தவர் என்பதால் நான் கடைசிவரை ‘நீங்கள்’ என்றேன், நீங்கள் ‘நீ’ என்றீர்கள். என் பெயரை நீங்கள் சொல்லிக் கேட்ட நினைவில்லை. உங்களுக்கு நான் ‘டிக்‌ஷனரி’.

முதல் புள்ளிக்கு வருகிறேன்.

மாலதி புக்கிட் பாஞ்சாங்கில் ரயிலேறி, லிட்டில் இந்தியாவில் மாறி, செங்காங்கில் என் மகன் வீட்டுக்கு வந்தாள். மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். அது தெரிந்தே வந்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். கைப்பையிலிருந்து கூட்டை எடுத்து என் முன்னால் வைத்து, “அப்பா இத வச்சுத்தானே சோப் பண்ணுவாரு. நீங்க வச்சுக்குங்க அங்கிள்” என்றாள். மற்றவர்கள் சாப்பாட்டுக்கடை மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து ‘சோப்’ பண்ணுவார்கள், அதாவது இடம் பிடிப்பார்கள். நீங்கள் கண்ணாடிக் கூட்டை வைப்பீர்கள். கண்ணாடியும் அதற்குள்ளேயே இருக்கும். பிறகு தேநீர்க் கோப்பையுடன் திரும்பி வரும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இடம் பிடிச்சாச்சு, இப்ப அந்த இடம் எங்கன்னுதான் தெரியல” என்று கடை நடுவில் நிற்பீர்கள். இதை நான் சொன்னதும் மாலதி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுதாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் அங்கே இருந்தீர்கள்தான், ஆனால் எவ்வளவு தெரிந்து பேசினீர்கள் என்பதுதானே கேள்வி.

மூச்சுத் திணறல் தணிந்துவிட்டது, ஓரிரு நாளில் வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று மாலை பார்வையாளர் நேரம் முடியப்போகிறது. மாலதி உங்கள் படுக்கையருகே உட்கார்ந்து, அலுவலகத்திலிருந்து வந்த செய்தி ஒன்றுக்குக் கைப்பேசியில் பதில் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது நீங்கள் அவளைப் பார்த்து, “ஐ கோ ஃபர்ஸ்ட் ஆ” என்றீர்கள். அவள் தலை நிமிராமலேயே, “ஓகே பா, யூ கோ ஃபர்ஸ்ட்” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, கிளம்ப வேண்டியவள் தானல்லவா, இவர் எங்கே போகிறார் என்று. நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது.

இதை அவள் மண்டாய் தகனச்சாலையில் உங்கள் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அழுதுகொண்டே, “போறவரப் பார்த்து யாராச்சும் ‘போ’ன்னு சொல்லுவாங்களாடி?” என்று கேட்டிருக்கிறார். அவர் திட்டுவதற்காகச் சொல்லியிருக்கமாட்டார். துக்கத்தில் வாயில் வந்ததுதான். ஆனால் மாலதிக்கு அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் அதுவே காதில் கேட்கிறதாம். அலுவலகத்தில் யாராவது மாலையில் ‘ஐ கோ ஃபர்ஸ்ட்’ என்று சொல்லிவிட்டுப் போனால் இவள் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறாளாம்.

“அங்கிள், இங்கிலீஷ்ல நீங்கதான் எக்ஸ்பர்ட்னு அப்பா சொல்வாரு” என்றாள். “ப்ராப்பர் இங்கிலீஷ்ல அதுக்கு என்ன அர்த்தம்? சும்மா பை சொன்னாரா, இல்ல தெரிஞ்சு சொன்னாரா? தெரிஞ்சு சொன்னாருன்னா, நான் ஃபோனைப் பார்த்துக்கிட்டே போங்கன்னு சொல்லிட்டேன்ல?”

நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அப்பாவை இழந்த பெண்ணிடம், நிறுவனக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதுபோல அவகாசம் கேட்டேன். அவளும் தலையாட்டினாள். என் சுபாவம் அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது புள்ளி. இதில்தான் எனக்குச் சந்தேகம் குறைவு.

நம் பிரிவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு மேலாளர் வந்திருந்தாரே, சிவப்புக் கழுத்துக்காரர், அவர் அறை வாசலில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வேலை முடிந்ததும் உள்ளே தலையை நீட்டி, “சார், ஐ கோ ஃபர்ஸ்ட் ஆ” என்றீர்கள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். ‘ஃபர்ஸ்ட் என்றால், செகண்ட் யார்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெளியே நாங்களெல்லாம் கோப்புகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டோம். நீங்கள் கொஞ்சமும் அசராமல், “யூ லா, சார்” என்றீர்கள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து அவரும் கிளம்பும்போது, ‘இன்றைக்கு நான் செகண்ட்’ என்று சொல்லிவிட்டுப் போவார். எல்லாருக்கும் அது வேடிக்கை. எனக்கு அது ஆதாரம். அந்த மொழியில் பிறந்தவர் காதுக்கு அது புரியவில்லை, ஆகவே அது அந்த மொழி இல்லை என்று முடிவு கட்டினேன்.

அது எங்கிருந்து வந்தது என்றும் விசாரித்தேன். பக்கத்து மேசைச் சீன நண்பர், தங்கள் மொழியில் அப்படித்தான் விடைபெறுவார்கள் என்றார். கூட்டாக இருக்கும் இடத்திலிருந்து ஒருவர் முன்னதாக எழுந்து போக நேர்ந்தால், உங்களையெல்லாம் விட்டுவிட்டு முதலில் போகிறேன், மன்னியுங்கள் என்று சொல்லும் மரியாதையாம் அது. அதுதான் ஆங்கிலச் சட்டையைப் போட்டுக்கொண்டு இந்த ஊர் முழுக்கத் திரிகிறது. மரியாதை நல்லதுதான், ஆனால் ஆங்கிலமாகாது என்று உங்களிடம் சொன்னேன். ‘ஐம் ஆஃப்’ என்று சொல்லலாம், ‘சீ யூ டுமாரோ’ என்று சொல்லலாம், ‘ஐட் பெட்டர் பி கோயிங்’ என்றும் சொல்லலாம் என்று எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் ஒவ்வொன்றையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பவரைப்போலத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. தமிழில் நீங்கள் ஒருநாளும் ‘போறேன்’ என்று சொன்னவரல்ல. உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருமுறை நான் வாய் தவறி, “சரி, நான் போறேன்” என்றுவிட்டேன். மின்தூக்கி வரை போனவனைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லச் சொல்லித்தான் அனுப்பினீர்கள். உங்கள் மனைவி அப்போது இருந்தார், அடுப்படியில் நின்று சிரித்தார். அப்படிப்பட்டவர் ஆங்கிலத்தில் மட்டும் கூசாமல் ‘ஐ கோ’ என்கிறீர்களே என்று கேட்டேன். “அதான் ‘ஃபர்ஸ்ட்’ சேக்குறோம்ல, டிக்‌ஷனரி” என்றீர்கள். “அதுல ‘வரேன்’ இருக்கு, இதுல ‘ஃபர்ஸ்ட்’ இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான். தனியாப் போகலன்னு அர்த்தம்.”

இது இலக்கணம் அல்ல என்று அன்று சொன்னேன். இன்று அந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன்.

மாலதி கேட்ட பிறகு, பழைய ஆதாரம் போதாது என்று புதிதாகவும் ஒருவரைக் கேட்டேன். என் மகன் அலுவலகத்தில் இங்கிலாந்துப் பெண் ஒருவர் இருக்கிறார். மகன் மூலமாகக் கேட்டேன், காரணத்தைச் சொல்லவில்லை. விடைபெறும்போது அப்படிச் சொன்னால் தங்களுக்கு விநோதமாகத்தான் இருக்கும் என்று அவர் எழுதியிருந்தார். வேறு எப்போது சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, நீச்சல்குளத்தில் உயரமான பலகை இருக்கும், எல்லாரும் குதிக்கப் பயந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் முன்வந்து சொல்வாரே, அப்போது சொல்வோம் என்று பதில் வந்தது. இரண்டாவது புள்ளி உறுதியாகிவிட்டது. ஆனால் அந்தப் பதிலை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

ஏனென்றால் மூன்றாவது புள்ளி அங்கேதான் சிக்கலாகிறது.

நீங்கள் வெறும் பழக்கத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் படுத்திருப்பவர் விடைபெறுவதில்லை. பாதித் தூக்கத்தில், அலுவலகத்தில் இருப்பதாக நினைத்துச் சொல்லியிருக்கலாம். மருந்து மயக்கத்தில் அப்படி நேரும் என்று மகன் சொல்கிறான். அல்லது அந்த இங்கிலாந்துப் பெண் சொன்ன பொருளில், அதாவது சரியான ஆங்கிலத்தில், சொல்லியிருக்கலாம்.

நீங்கள் அந்தத் தொடரைச் சரியான ஆங்கிலத்தில் சொல்லிக் கேட்ட ஆள் நான். சுரங்கத்துக்குள் ரயில் ஓடத் தொடங்கிய புதிதில், நிலையத்துக்கு இறங்கும் மின்படிக்கட்டின் உச்சியில் நான் நின்றுவிட்டேன். அவ்வளவு ஆழத்தை நான் பார்த்ததில்லை. படிகள் தாமாகவே பிறந்து தாமாகவே கீழே போய்க்கொண்டிருந்தன. எந்தப் படியில் காலை வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் விட்டுக்கொண்டே இருந்தேன். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நீங்கள் என்னைத் தாண்டி, “ஐ கோ ஃபர்ஸ்ட். என்னைப் பாத்துக்கிட்டே வா” என்று ஏறிக்கொண்டு, முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி என்னைப் பார்த்தபடியே இறங்கினீர்கள். உங்கள் முகம் கீழே கீழே போனது. விழுந்துவிடுவீர்களோ என்ற பயத்தில் நானும் காலை வைத்துவிட்டேன். அலுவலகத்தில் கணினி வந்தபோதும் அப்படித்தான். பெருந்தொற்றுக் காலத்தில் சமூக மன்றத்தில் ஊசி போட வரிசையில் நின்றபோது, நான் முகக்கவசத்துக்குள் வேர்த்துக்கொண்டிருக்க, என் வரிசை எண்ணை நீங்கள் வாங்கிக்கொண்டு, “ஐ கோ ஃபர்ஸ்ட் லா, செத்தா சொல்றேன்” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனீர்கள். ஊசி போடும் தாதிகூடச் சிரித்தார்.

அந்த நேரங்களில் நான் உங்களைத் திருத்தவில்லை. திருத்த அதில் ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால், எனக்குப் பயமாக இருந்தபோதெல்லாம் உங்கள் ஆங்கிலம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஆகவே மாலதி கேட்டபடி ‘ப்ராப்பர் இங்கிலீஷ்’ என்று பார்த்தால், நீங்கள் தெரிந்துதான் சொன்னீர்கள் என்றாகிறது. எல்லாரும் பயப்படும் பலகையின் ஓரத்தில் நின்று சொன்னதாகிறது. அதற்குத்தான் அவள் கைப்பேசியைப் பார்த்தபடி பதில் சொன்னாள் என்றாகிறது. இதை நான் எப்படி அவளிடம் சொல்வது? தவறான ஆங்கிலம், வெறும் வழக்குச் சொல், அதற்குப் பொருளே இல்லை என்று சொன்னால் அவள் தப்பித்துக்கொள்வாள். ஆனால் அதை நான் நம்புகிறேனா? இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சொல் ஒருவேளை எனக்குச் சொன்னதோ என்றுகூட இடையில் நினைத்தேன். அந்த அறையில் நான் இல்லவே இல்லை. ஒரு பெண் தன் அப்பாவின் கடைசிச் சொல்லோடு தவித்துக்கொண்டிருக்கும்போது, அதிலும் எனக்கு ஒரு பங்கு தேடுகிறேன்.

நாம் கடைசியாகச் சந்தித்தபோது, ஃபேரர் பார்க் கடையில், நீங்கள் பாலும் சர்க்கரையும் இல்லாத அந்தத் தேநீரைப் பாதி வைத்துவிட்டு எழுந்தீர்கள். கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “சரி டிக்‌ஷனரி, ஐ கோ ஃபர்ஸ்ட் ஆ” என்றீர்கள். நானும் பழக்கத்தில், “ஐட் பெட்டர் பி கோயிங்” என்று எடுத்துக் கொடுத்தேன். “பெட்டரா? டாக்டர் அப்படிச் சொல்லலியே” என்றுவிட்டு நடந்தீர்கள். நான் சிரித்தேன். அதற்கு வேறென்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை காலத்தில் நீங்கள் அப்படி விடைபெற்றபோது ஒருமுறைகூட நான் பதில் சொன்னதில்லை. திருத்தம்தான் சொன்னேன்.

நான்காவது புள்ளி. மாலதியிடம் சொல்வதற்கு ஒரு பதிலைச் சுருக்கமாகத் தயாரித்துவிட்டேன். அது வெறும் விடைபெறும் சொல், இந்த ஊரில் எல்லாரும் சொல்வது, அதற்குமேல் அதில் பொருள் இல்லை. அவ்வளவுதான். மனம் ஒப்பவில்லை, ஆனால் அவள் தூங்க வேண்டும்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதியது. இன்று ஞாயிறு. மாலதி வந்துவிட்டுப் போய்விட்டாள்.

தயாரித்ததை அவளிடம் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, அதில் ஒன்றும் இல்லை என்றால் நான் ஏன் காலமெல்லாம் உங்களைத் திருத்திக்கொண்டே இருந்தேன் என்று கேட்டாள். நான் திருத்துவதை நீங்கள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவீர்களாம். மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, என் குரலில் ‘ஐட் பெட்டர் பி கோயிங்’ என்பீர்களாம். இதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் என் பதில் அதோடு தரையில் விழுந்துவிட்டது.

“படுத்திருக்கிறவரு எங்க அங்கிள் போவாரு?” என்றாள். நான் கண்ணாடிக் கூட்டை மூடப் பார்த்தேன். “சரி, அத விடுங்க. நான் என்ன சொல்லிருக்கணும், அத மட்டும் சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்த பதில்களை ஒவ்வொன்றாக மனத்தில் வைத்துப் பார்த்தேன். ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லியிருக்கலாமா? படுக்கையில் கிடப்பவரிடமா? ‘போகாதீங்க’ என்றா? ‘எங்க?’ என்று கேட்டிருக்கலாமா? நான் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து வைத்திருந்த எந்தத் தொடரும் அந்த அறைக்குள் நுழையவில்லை. தெரியலம்மா என்றேன். அந்தப் பதிலுக்கா ஒரு வாரம் காத்திருந்தோம் என்று அவள் நினைத்திருக்கலாம். முகத்தில் காட்டவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியும் இரண்டு கோப்பைகளையும் கழுவி வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

நான் கம்பிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவள் நடைபாதையில் குனிந்து செருப்பின் வாரைப் போட்டபடி, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்:

“ஓகே அங்கிள், ஐ கோ ஃபர்ஸ்ட் ஆ.”

“ஓகே மா, யூ கோ ஃபர்ஸ்ட்” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் திருத்தியிருப்பேன். அவள் சொன்னதும் என் வாயிலிருந்து அது வந்தது, ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்திலிருப்பவருக்கும் வருவதுபோல. அந்த இடத்தில் வேறு எதைச் சொல்லியிருந்தாலும்தான் விநோதமாக இருந்திருக்கும்.

வாரில் வைத்த கை அப்படியே நின்றது. மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது, என்ன பேசிக்கொண்டோம் என்று.

“இதத்தான் அங்கிள் நானும் சொன்னேன்” என்றாள்.

“ஆமாம்மா. இதத்தான் சொல்லணும்.”

அவள் உடனே போகவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாகக் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், பள்ளிப் பேருந்து வருவதற்கு முன்பே நீங்கள் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்குமாம். கம்பிக்கதவருகே நின்று, “ஐ கோ ஃபர்ஸ்ட் ஆ, கேர்ள்” என்பீர்களாம். அவள் காலுறையை இழுத்துக்கொண்டோ, ரொட்டியைக் கடித்துக்கொண்டோ, நிமிர்ந்து பார்க்காமல், “ஓகே பா, யூ கோ ஃபர்ஸ்ட்” என்பாளாம். தினமும். அவள் சொல்லச் சொல்ல அவளுக்கே அது நினைவுக்கு வந்துகொண்டிருந்ததுபோல இருந்தது. “ஒருநாளும் நிமிந்து பார்த்ததில்ல அங்கிள். அவரும் பார்க்கச் சொன்னதில்ல” என்றாள். பிறகு அழுதாள். போன வாரம் அழுததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்ததாக எனக்குப் பட்டது. நான் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம். மின்தூக்கி வந்ததும் கையை மட்டும் காட்டிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு வெள்ளிக்கிழமை எழுதியதை எடுத்துப் படித்தேன். மூன்றாவது புள்ளிக்கு இன்னும் விடை இல்லை. நீங்கள் கப்பல் அலுவலகத்துக்குக் கிளம்பிய ஏதோ ஒரு காலையில் இருந்தீர்களா, பலகையின் ஓரத்தில் இருந்தீர்களா, எனக்குத் தெரியாது. அது இனி என்னோடு இருக்கும். மின்படிக்கட்டில் கால் வைக்கும்போதெல்லாம் இருக்கும்.

ஆனால் வேறொன்று தெரிகிறது. மாலதிக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நீங்கள் அவளிடம் ஆங்கிலத்தில்தான் பேசினீர்கள். ‘பள்ளிக்கூடத்தில் என்னைப்போலத் திணறக்கூடாது, உன்னைப்போலப் பயப்படவும் கூடாது’ என்று என்னிடமே சொன்னீர்கள். அவள் கணக்குப் போடுவதும் கோபப்படுவதும் கனவு காண்பதும் அந்த ஆங்கிலத்தில்தான். அவளுக்குத் தமிழ் உங்கள் மனைவியிடமிருந்து வந்தது. ஆங்கிலம் உங்களிடமிருந்து, காலை நேரத்தில், கம்பிக்கதவருகே வந்தது. தாய்மொழிக்காரர் எங்கே, எங்கே என்று நான் காலமெல்லாம் கடல் தாண்டித் தேடியிருக்கிறேன். மேலாளரைக் கேட்டேன், மகன் அலுவலகத்துப் பெண்ணைக் கேட்டேன். புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் உங்கள் மகளைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

மேலே வரிசையிட்டதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். இரண்டாவது புள்ளி தவறு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார் என்று எழுதியிருக்கிறேன். சொல்கிறார்கள். அதற்குப் பதிலும் சொல்கிறார்கள்.